பொட்டலத்தில் உறங்கும் மீன்கள்

உங்கள் முகவரிக்கு அஞ்சலில் ஓர் உறை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரித்தால் உள்ளே, உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் பொட்டலம். பொட்டலத்துக்குள் ஈரமான மரத்தூளைப் போலப் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒரு தூள். அவ்வளவுதான். அந்தத் தூளை ஓர் அகன்ற தட்டில் கொட்டி, மூன்று விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். காலையில் ஊற்றினால் மாலைக்குள், சிறு ஊசித் துண்டுகளைப் போன்ற மீன்குஞ்சுகள் அந்தத் தண்ணீரில் நீந்திக்கொண்டிருக்கின்றன!

மாயவித்தை அல்ல. என் வீட்டுக் கூடத்தில் நடந்தது இது. நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். மீனைப் பற்றி எழுத எனக்கென்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். விலங்கியல் துறையில் பணியாற்றும் நண்பர் ஒருவர் அந்தப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். அதன்பின் நான் செய்த தவறுகளும், அவற்றிலிருந்து கற்றுக்கொண்டவையுமே என் உரிமை.

அந்த மீனின் பெயர் கில்லி மீன். நாம் தெருவில் ஆடும் கில்லிக்கும் இதற்கும் உறவில்லை. ஆங்கிலம் தெரிந்தவர்கள் 'கொல்லும் மீன்' என்று பொருள் கொண்டுவிடுகிறார்கள், அதுவும் தவறு. டச்சு மொழியில் 'கில்' என்றால் சிறிய நீரோடை. ஓடைகளிலும் குட்டைகளிலும் வாழ்வதால் கில்லி மீன். ஆப்பிரிக்கா, அமெரிக்கா, ஆசியா, தென் ஐரோப்பா ஆகிய இடங்களில் இதன் பல நூறு இனங்கள் உள்ளன. நம் குளங்களிலும் வாய்க்கால்களிலும் நீர்மட்டத்தை ஒட்டியே திரியும், தலை உச்சியில் வெள்ளைப் புள்ளி மின்னும் சிறு மீனைப் பார்த்திருப்பீர்கள். மலையாளத்தில் அதை 'மானத்துக்கண்ணி' என்பார்கள். வானத்தைப் பார்ப்பது என்று பொருள். அதுவும் கில்லி மீன் உறவுதான். ஆனால் நிறத்திலும், வாழும் விதத்தின் விந்தையிலும் ஆப்பிரிக்கக் கில்லிகளை மிஞ்ச ஆளில்லை.

என்னிடம் வந்தது நோத்தோபிராங்கியஸ் குந்தேரி என்னும் இனம். ஆண்மீன் 5 அல்லது 6 செ.மீ. நீளம் வளரும். உடல் நீலப்பச்சை, ஒவ்வொரு செதிலுக்கும் சிவப்புக் கரை. வால் செங்கல் சிவப்பு, அதன் ஓரத்தில் மை தீட்டியதுபோல் கறுப்பு. பெண்மீனோ சாம்பலும் பழுப்புமாக, பார்த்தால் நினைவில் நிற்காத தோற்றம் கொண்டது. இதன் சொந்த ஊர், ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டியுள்ள சான்சிபார் தீவு. தான்சானியா நாட்டைச் சேர்ந்தது அத்தீவு.

வற்றிய குட்டையில் மீன் எப்படி வந்தது?

சான்சிபாரில் ஆண்டுக்கு இரு மழைக்காலங்கள். மார்ச் முதல் மே வரை பெய்யும் பெருமழையைச் சுவாஹிலி மொழியில் 'மசிக்கா' என்பார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது 'வுலி', சிறுமழை. மழை பெய்யும்போது தாழ்ந்த நிலங்களில் குட்டைகள் நிரம்பும். மழை ஓய்ந்து சில வாரங்களில் அவை வற்றிப்போகும்; அடிச்சேறு பாளம் பாளமாக வெடிக்கும். இந்தக் குட்டைகளில் பல, ஆற்றுடனோ ஏரியுடனோ தொடர்பு இல்லாதவை. ஆனாலும் அடுத்த மழை பெய்து சில வாரங்கள் ஆனதும் அங்கே வண்ண மீன்கள் துள்ளுகின்றன. மழையோடு மீனும் வானத்திலிருந்து விழுந்ததோ என்று எண்ணத் தோன்றும்.

விடை சேற்றுக்குள் இருக்கிறது. நம் மானாவாரிக் கொல்லையில் விளையும் கம்பையும் கேழ்வரகையும் நினைத்துக்கொள்ளுங்கள். செடி ஒரு பருவம்தான் வாழும், பிறகு காய்ந்துவிடும், விதை மட்டும் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். இந்த மீன்களும் அப்படியே. குட்டை நிரம்பியதும் பொரிந்து, சில வாரங்களில் வளர்ந்து, நாள்தோறும் சேற்றில் முட்டை இட்டு, குட்டை வற்றும்போது தாய், தந்தை எல்லாம் ஒன்றுவிடாமல் மாண்டுபோகின்றன. அந்த இனமே அப்போது சேற்றுக்குள் இருக்கும் முட்டைகளாக மட்டும்தான் உலகில் இருக்கிறது! ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள முட்டைகள். கெட்டியான உறை கொண்டவை.

கோழி முட்டைக்குள் கரு வளரத் தொடங்கினால் இடையில் நிற்காது. 21 நாளில் குஞ்சு வெளிவந்தாக வேண்டும். கில்லி மீனின் முட்டை அப்படி அல்ல. அதன் கரு வளர்ச்சியில் மூன்று இடங்களில் நிறுத்தம் உண்டு. முதல் நிறுத்தத்தில், கருவின் செல்கள் ஒன்று சேராமல் மஞ்சட்கருவின் மேல் சிதறிக் கிடக்கும். இரண்டாவதில், முதுகுத்தண்டின் அடையாளமும் இதயமும் தோன்றிவிட்டிருக்கும். ஆனால் வளர்ச்சி நின்றுவிடும். மூன்றாவதில், கண்ணும் வாலும் உள்ள முழு மீன்குஞ்சு முட்டைக்குள் சுருண்டு, தண்ணீர் வரட்டும் என்று காத்திருக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் உடலின் செலவு மிகமிகக் குறைந்துவிடுவதால், சேமித்த மஞ்சட்கரு பல மாதங்களுக்குப் போதுமானதாகிறது.

இதில் இன்னொரு வியப்பு. எல்லா முட்டைகளும் எல்லா நிறுத்தங்களிலும் நிற்பதில்லை. பாசஞ்சர் வண்டிபோல் ஒவ்வொரு நிலையத்திலும் நின்று நின்று போகும் முட்டையும் உண்டு. விரைவு வண்டிபோல் நிற்காமல் ஓடும் முட்டையும் உண்டு. ஒரே தாய், ஒரே நாளில் இட்டவையே இப்படி வேறுபடும். ஏன் இந்த ஒழுங்கின்மை?

பொய்மழை என்று ஒன்று இருக்கிறதே! ஒரு நாள் கொட்டிவிட்டுப் பிறகு இரண்டு வாரம் வானம் வெளுத்துக் கிடந்தால், பொரிந்த குஞ்சுகள் அத்தனையும் சாகும். சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். நான்கு ஆண்டுகளில் ஓராண்டு முதல் மழை பொய்க்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். எல்லா முட்டைகளும் முதல் மழைக்கே பொரிந்துவிடும் ஒரு குட்டையில், ஓராண்டு தப்புவதற்கான வாய்ப்பு 3/4. பத்து ஆண்டுகள் தொடர்ந்து தப்ப வேண்டுமானால் 3/4ஐப் பத்து முறை பெருக்க வேண்டும். பெருக்கிப் பாருங்கள்: 0.056. அதாவது நூற்றுக்கு ஆறுகூட இல்லை! ஆனால் பாதி முட்டைகள் எழுந்திராமல் உறங்கினால், பொய்மழை ஆண்டில் எண்ணிக்கை குறையுமே தவிர வம்சம் அற்றுப்போகாது. விதைநெல் முழுவதையும் முதல் தூறலுக்கே விதைத்துவிடும் உழவர் உண்டா? மீனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்படி வேறுபடாத முட்டைகளை இட்ட மீன்களின் வழி எப்போதோ அழிந்திருக்கும்.

இந்த ஒரு செய்தியை நான் முதலிலேயே சரியாகப் புரிந்துகொண்டிருந்தால், பின்னால் சொல்லப்போகும் தவறைச் செய்திருக்கமாட்டேன்.

தொட்டியும் வெப்பமும்

இந்த மீனுக்குப் பெரிய தொட்டி வேண்டாம். 45 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் போதும். 20 செ.மீ. உயரத்துக்கு நீர் நிரப்பினால் 22.5 லிட்டர்; அதாவது தண்ணீரின் எடை மட்டும் 22.5 கிலோகிராம். ஆடும் முக்காலி மேல் வைக்காதீர்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். பத்து லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கல் உப்பு சேர்ப்பது நல்லது. பொன்தூள் தூவியதுபோல் மீனின் தோலில் படரும் ஒட்டுண்ணி நோய் ஒன்று இந்த இனத்தை எளிதில் பற்றும். உப்பு அதை அண்டவிடாமல் தடுக்க உதவுகிறது. காற்றுக் குழாயுடன் இணைத்த பஞ்சு வடிகட்டி ஒன்று மெதுவாக ஓடட்டும். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றிவிடுங்கள்.

நம் ஊரில் உண்மையான தொல்லை வெப்பம்தான். இந்த மீனுக்கு 22 முதல் 26 பாகை செல்சியஸ் வரை இதமான வெப்பநிலை. சித்திரை மாதத்தில் நம் வீட்டுத் தொட்டி நீர் 31 பாகைக்குப் போய்விடுகிறது. வெப்பம் ஏறினால் மீனுக்கு மூச்சு வாங்கும். உடலின் தேவை கூடுகிறது, நீரில் கரையும் ஆக்சிஜனோ குறைகிறது. 20 பாகையில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 பாகையில் 7.5 மில்லிகிராம்தான். அது மட்டுமல்ல, வெதுவெதுப்பான நீரில் இந்த மீன்கள் விரைவில் முதுமை அடைகின்றன.

குளிர்சாதனம் வாங்க வேண்டியதில்லை. நம் பாட்டி வீட்டு மண்பானை கற்றுத்தரும் பாடம் போதும். ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 2,430 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. நம் தொட்டியிலுள்ள 22,500 கிராம் நீரை 3 பாகை குளிர்விக்க எடுக்க வேண்டிய வெப்பம் 22,500 × 4.2 × 3 = 2,83,500 ஜூல். வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 117 கிராம் நீர் ஆவியானால் போதும். ஒரு தேநீர்க் குவளை அளவு! வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வந்துகொண்டே இருப்பதால் நடைமுறையில் இன்னும் கூடுதலாக ஆவியாக வேண்டும் என்பது உண்மை. ஆனால் கண்ணாடிப் பலகையால் தொட்டியை மூடினால் ஆவியாதல் நின்றே போகும். நான் முதலில் அப்படித்தான் மூடி வைத்திருந்தேன்.

மூடாமலும் விடக்கூடாது. கில்லி மீன் தாவும். நீர்மட்டத்திலிருந்து தொட்டி விளிம்பு 5 செ.மீ. உயரம். அதைத் தாண்ட என்ன வேகம் வேண்டும்? v² = 2gh என்ற சமன்பாட்டில் போட்டால் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர். நாம் நிதானமாக நடக்கும் வேகம்தான் அது. மீனுக்கு ஒரு வால் அடி. ஒரு காலைப்பொழுதில் என் பெண்மீன் ஒன்று தரையில் காய்ந்து கிடந்ததைப் பார்த்த பிறகே இந்தக் கணக்கைப் போட்டேன். பழைய கொசுவலையை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி மூடினேன். நீர் ஆவியாகிறது, மீன் தாவ முடியவில்லை, கொசுவும் உள்ளே வந்து முட்டையிட வழியில்லை. தொட்டியைக் கூடத்தின் தரையில், வெயில் படாத சுவரோரம் மாற்றிவைத்து, வெளிப்புறம் ஈரத்துணியும் சுற்றினேன். 31 பாகையில் இருந்த வெப்பமானி 28க்கு இறங்கியது. போதாதுதான், ஆனாலும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறப்பது நின்றது.

நிறத்தைப் பற்றி ஒரு சோதனை செய்து பாருங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கைவிளக்கால் ஆண்மீனை முதலில் நேராகவும் பிறகு பக்கவாட்டிலும் ஒளியூட்டுங்கள். வாலின் சிவப்பு எந்தப் பக்கம் பார்த்தாலும் சிவப்புதான். அது நிறமிப் பொருளின் நிறம். உடலின் நீலமோ கோணத்துக்கு ஏற்பச் சாயல் மாறும். மீனின் தோல் செல்களில் குவானின் என்னும் பொருளின் மெல்லிய படிகத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. சோப்புக் குமிழியில் நிறம் தோன்றுகிறதே, அதே ஒளிக் குறுக்கீட்டு விளைவால்தான் இந்த நீலமும் தோன்றுகிறது. அதாவது, நீல மையே இல்லாமல் நீலம்!

தீனி விஷயத்தில் இந்த மீன் பிடிவாதக்காரன். கடையில் விற்கும் உலர்ந்த தீனியைப் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. அசையும் இரை வேண்டும். கொசுப்புழு, நீர்த்தெள்ளு, சிறிய மண்புழுத் துண்டு ஆகியவை பிடிக்கும். கொசுப்புழுவை வடிகட்டி எடுத்துப் போடும்போது மீன் அன்றே தின்றுவிடும் அளவுக்கு மட்டும் போடுங்கள். மீன் வளர்க்கிறேன் என்று டெங்குக் கொசுவை வளர்த்துவிடக் கூடாது. குஞ்சுகளுக்கு ஆர்ட்டீமியா என்னும் உப்பு நீர் இறாலின் குஞ்சுகள்தாம் சிறந்த உணவு. லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு கரைத்த நீரில் ஆர்ட்டீமியா முட்டைகளைப் போட்டுக் காற்று செலுத்தினால் ஒன்று, ஒன்றரை நாளில் பொரியும். வேடிக்கை பாருங்கள், அந்த முட்டையும் உலர்ந்து ஆண்டுக்கணக்கில் உறங்கக்கூடியதுதான்.

நன்றாகத் தின்றால் குஞ்சுகளின் வளர்ச்சி கண்ணெதிரே தெரியும். என்னிடம் பொரிந்தவை 19. அவற்றுள் 14 பிழைத்தன. நான்காம் வாரத்தில் சிலவற்றின் வாலில் சிவப்பு அரும்பியது. ஆறாம் வாரத்தில் ஆண்கள் ஒன்றையொன்று விரட்டத் தொடங்கின. ஆண்கள் சண்டைக்காரர்கள். ஓர் ஆணும் மூன்று பெண்களும் என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை நண்பரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

பொட்டலம் கட்டும் முறை

குட்டையின் சேற்றுக்குப் பதிலாக நாம் தொட்டியில் ஏதேனும் கொடுக்க வேண்டும். குளிர் நாடுகளில் 'பீட்' என்னும் மக்கிய பாசித்தூளைப் பயன்படுத்துகிறார்கள். நமக்குத் தென்னை நார்க்கழிவு இருக்கிறது. அதை நான்கைந்து முறை கொதிக்கவைத்து, வடித்து, உப்பும் சாயமும் போகக் கழுவி, ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பாவில் பாதி நிரப்பித் தொட்டியின் அடியில் வையுங்கள். ஆண்மீன் தன் முதுகுத் துடுப்பால் பெண்மீனை அணைத்துத் தூளின்மேல் அழுத்தும், ஒரு நடுக்கம், ஒரு முட்டை தூளுக்குள் போய்விடும். பகல் முழுவதும் இப்படி ஒன்றொன்றாக.

வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ டப்பாவை எடுத்து, தூளை மெல்லிய வலையில் வடித்துப் பிழியுங்கள். பயப்பட வேண்டாம், முட்டை உறை உறுதியானது, கைப்பிழிவுக்கு உடையாது. பிறகு செய்தித்தாளின்மேல் பரப்பிச் சில மணி நேரம் உலரவிடுங்கள். எவ்வளவு உலர வேண்டும் என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். கையில் எடுத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும். அழுத்தினால் நீர் சொட்டக்கூடாது. விட்டால் உதிர வேண்டும். புட்டுக்குப் பிசிறிய மாவின் பதம் என்று என் மனைவி சொன்னாள். அதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. அந்தப் பதத்தில் பொட்டலத்தில் இட்டுக் கட்டி, மேலே இனத்தின் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதி ஒட்டிவிடுங்கள். மை ஈரத்தில் கரைந்துவிடும்.

குந்தேரி முட்டைக்கு 24, 25 பாகையில் ஏறத்தாழ மூன்று மாதம் வேண்டும். வெப்பம் கூடினால் நிறுத்தங்கள் குறைந்து காலம் சுருங்கும், குளிர்ச்சியில் நீளும். மொசாம்பிக் நாட்டு ரக்கோவி என்னும் இனத்துக்கு ஆறு மாதம்வரைகூட ஆகலாம். ஆகவே நாட்காட்டியை மட்டும் நம்பாமல், ஆறு வாரத்துக்குப் பிறகு இரு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு முட்டைகளை எடுத்துக் கைலென்சால் பார்க்க வேண்டும். கண்ணாடிமணிபோல் தெளிவாக இருந்தால் உறங்குகிறது. வெண்மையாகப் பஞ்சடைந்திருந்தால் இறந்துவிட்டது. பொன் வளையமிட்ட இரு கண்கள் உங்களை உற்றுப் பார்த்தால், குஞ்சு தயார்.

என் தவறுக்கு வருகிறேன். முதல் பொட்டலத்தைக் கட்டி ஐந்து வாரம் ஆனதும் எனக்குப் பொறுமை போய்விட்டது. நனைத்தேன். ஒரு நாள், இரண்டு நாள், ஒன்றும் அசையவில்லை. லென்சை எடுத்துப் பார்க்கவும் தோன்றவில்லை. 'கெட்டுப்போன முட்டை' என்று முடிவுகட்டி, தூளைக் கொல்லையில் கறிவேப்பிலைச் செடியடியில் கொட்டிவிட்டேன். அத்தோடு முட்டை சேகரிப்பதையும் நிறுத்தினேன். தூள் டப்பா மட்டும் தொட்டி அடியிலேயே கிடந்தது.

பத்தாம் மாதத்தில் ஆண்மீனின் நிறம் மங்கி முதுகு கூனியது. ஒரு வாரத்தில் இறந்தது. அடுத்த சில வாரங்களில் பெண்களும் ஒவ்வொன்றாகப் போயின. அப்போது என் மகள் எட்டாம் வகுப்பு. "அப்பா, இனிமே மீன் இல்லையே, தொட்டியைக் கழுவிடட்டுமா?" என்று கேட்டுத் தூள் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். தற்செயலாக அன்று விலங்கியல் நண்பர் வீட்டுக்கு வந்திருந்தார். டப்பாவை வாங்கி ஒரு சிட்டிகைத் தூளைத் தட்டில் பரப்பி லென்சை வைத்தார். கண்ணாடிமணிகளாக முட்டைகள். முதல் பொட்டலம் என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். "அஞ்சு வாரத்துக்கே நனைச்சா எப்படி சார்? அது செத்துப் போகலை, இன்னும் எழுந்திருக்கலை" என்றார். கறிவேப்பிலைச் செடியைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த டப்பாத் தூளை மகளே பிழிந்து, உலர்த்தி, தேதி எழுதினாள். நல்ல கோடை. அலமாரிக்குள் வெப்பம் 34 பாகை காட்டியதால், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் தரையில் வைத்தோம். ஒன்பதாம் வாரம் முதல் கண் தெரிந்தது. பதினோராம் வாரம், மண்பானைத் தண்ணீரை ஊற்றி நனைத்தோம். குளிர்ந்த நீர் ஊற்றுவதற்குக் காரணம் உண்டு. முதல் மழை நீரும் குளிர்ந்துதானே வரும். இரண்டு மணி நேரத்தில் மகள் கத்திய கத்தலில் அடுத்த வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். பன்னிரண்டு குஞ்சுகள்!

அவற்றுள் மூன்று மேலே எழும்ப முடியாமல் வயிற்றால் தரையில் நகர்ந்தன. மீனின் உடல் நீரைவிடச் சற்று அடர்த்தி கூடியது. உடல் பருமனில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு, எட்டுப் பங்கு காற்றுப்பை இருந்தால்தான் நன்னீரில் எடை சரிசமமாகி மீன் மிதந்து நிற்கும். ஆர்க்கிமிடீஸ் தத்துவம்தான். பொரிந்ததும் குஞ்சு இந்தப் பையைக் காற்றால் நிரப்பத் தவறிவிட்டால் வாழ்நாள் முழுதும் தரையில்தான் தவழும். முட்டையை உரிய காலத்துக்கு முன்னோ, மிகவும் பிந்தியோ நனைப்பது இதற்கு ஒரு காரணம் என்று வளர்ப்போர் சொல்கிறார்கள். அந்த மூன்றும் பிழைக்கவில்லை.

இம்முறை தூளைக் கொட்டவில்லை. மறுபடி பிழிந்து, மறுபடி உலர்த்தி, ஆறு வாரம் கழித்து மறுபடி நனைத்தோம். இன்னும் எட்டு!

காத்தவர்கள்

நோத்தோபிராங்கியஸ் ஃபர்சேரி என்று இதற்கு ஓர் உறவினன் உண்டு. 1968இல் ரிச்சர்டு ஃபர்சர் என்பவர், இன்றைய ஜிம்பாப்வே நாட்டின் தென்கிழக்கிலுள்ள கோனரேசோ வனப்பகுதிக் குட்டையில் அதைக் கண்டார். அங்கிருந்து வந்த மீன்களின் சந்ததியைப் பொழுதுபோக்குக்காக மீன் வளர்ப்போர், வீட்டுத் தொட்டிகளில், பொட்டலத்திலிருந்து பொட்டலத்துக்கு என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேல் காத்துவந்தார்கள். 2003இல் இத்தாலியின் வால்டேசாலிச்சி, செல்லரினோ என்னும் இருவர் அந்தச் சந்ததி மூன்று மாதம்தான் உயிர்வாழ்கிறது என்று அளந்து வெளியிட்டனர். ஆய்வகத்தில் வளர்க்கக்கூடிய முதுகெலும்பு விலங்குகளுள் இவ்வளவு விரைவில் முதுமை அடைவது வேறில்லை. மொசாம்பிக் குட்டைகளில் இந்த மீன் பொரிந்து 14 நாளிலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடுவதை 2018இல் கண்டறிந்தார்கள். எலியை வைத்து முதுமையை ஆராய மூன்று ஆண்டுகள் ஆகும். இந்த மீனில் சில மாதங்களில் முடியும். 2015இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. இன்று பல நாடுகளின் ஆய்வகங்களில் இது வளர்கிறது. மூன்று மாதம் வாழும் மீனை முப்பது ஆண்டுகள் காப்பதென்றால், எத்தனை பேர் எத்தனை பொட்டலங்களில் தேதி எழுதியிருக்க வேண்டும்!

ஆப்பிரிக்காவிலோ நிலைமை கவலை தருகிறது. சாலை போடவும் வீடு கட்டவும் குட்டையை மூடும்போது, அது வறண்டு கிடந்தால் அங்கே மீன் இருப்பதே யாருக்கும் தெரிவதில்லை. நோத்தோபிராங்கியஸ் இனங்களில் பல, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ளவையாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன.

மூன்று மாதம் காத்திருக்க முடியாது என்பவர்கள், மேற்கு ஆப்பிரிக்கக் காட்டோடைகளின் கில்லிகளை வளர்க்கலாம். நைஜீரியா, காமரூன் நாடுகளின் கார்ட்னெரி என்னும் மீன் தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது. கம்பளி நூலைக் கொத்தாகக் கட்டி ஒரு தக்கையில் தொங்கவிட்டால் அதில் முட்டை இடும். தண்ணீரிலேயே இரண்டு மூன்று வாரங்களில் பொரியும். காபோன் நாட்டின் ஆஸ்திரேல் இன்னும் அழகு, ஆனால் 24 பாகைக்கு மேல் வாடும். நம் சமவெளி ஊர்களுக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

எதை வளர்த்தாலும், மிஞ்சிய மீனையோ, முட்டையுள்ள தூளையோ, தொட்டி நீரையோ குளத்திலும் வாய்க்காலிலும் கொட்டாதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் நீர்நிலைகளில் புகுந்து நம் மீன்களை விழுங்கி வருவதையும், அதை வளர்க்க நம் நாட்டில் தடை இருப்பதையும் அறிவீர்கள். பருவமழையும் வறட்சியும் மாறிமாறி வரும் நம் நாட்டில், வற்றும் குட்டையில் வாழத் தெரிந்த மீனை வெளியே விடுவது நல்லதல்ல. வேண்டாத தூளைக் கொதிநீரில் இட்டுவிட்டுக் கொட்டுங்கள். மிஞ்சிய நல்ல முட்டைகளை, மீன் வளர்க்கும் நண்பருக்குப் பொட்டலமாகக் கொடுங்கள். கொடுக்கும்போது நனைக்க வேண்டிய தேதியையும் எழுதிக் கொடுங்கள். ஐந்தாம் வாரத்தில் அவருக்கும் கை பரபரக்கும்.